கெஜக்கோலைக் காணோம்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் எல்லோருக்கும்,

ஐயா, அம்மா, வணக்கம்.

காட்டை ஒட்டிய ஊரில் ராகியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கிறவன் நான். என் பெயரில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. என் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் மருந்துத் துப்பாக்கி அது. உங்கள் கோப்புகளில் எஸ்.பி.எம்.எல். என்று நாலெழுத்தில் கிடக்கும். உரிமப் புத்தகத்தில் ‘பயிர்ப் பாதுகாப்புக்காக’ என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது, அப்பாவிடமிருந்து எனக்கு. எங்கள் வீட்டில் ஏர் மாறிவிட்டது, மாடு போய்விட்டது, கிணறு ஆழ்துளைக் கிணறாகிவிட்டது. மாறாமல் இருப்பது இது ஒன்றுதான்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். “துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிடுங்க.” கொண்டுபோனேன். ரைட்டர் மேஜைக்குப் பின்னால் சுவரோரம் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுடையவை. ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றில் ஓர் அட்டை, அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் பெயர். என்னுடையதையும் கட்டிச் சாய்த்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டம் முடிந்து எண்ணிக்கை வர ஜூன் 4. அறிவிப்பிலிருந்து ஆக 80 நாள். அதற்கு மேலும் சில நாள் அலைந்து திரும்ப வாங்கியபோது கெஜக்கோல் இல்லை.

கெஜக்கோல் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தோட்டா போடுகிற துப்பாக்கிக்கு அது தேவையில்லை. எங்களுடையது வாய்வழியே கெட்டிக்கிற வகை. குழலின் வாயில் அளவாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரைச் சுருட்டிப் போட்டு, நீளக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். அந்தக் கம்பிதான் கெஜக்கோல். இறுக்கியபின் குதிரை என்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, அடியில் இருக்கிற சிறு காம்பின் மேல் கேப்பை, அதாவது அடித்தால் பொறி விடுகிற சின்ன மூடியை, மாட்டி, விசையை அழுத்தினால் குதிரை கேப்பில் அடிக்கும்; பொறி உள்ளே போகும்; வெடிக்கும். ஈய ரவையும் போட்டுக் கெட்டித்தால்தான் அது சுடும். ரவை இல்லாமல் கெட்டித்தால் சத்தமும் புகையும் மட்டும். எங்களுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரிமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுக்கும். வெடித்த அன்றே குழலில் கொதிநீர் விட்டுக் கழுவி, துணி சுற்றித் துடைத்து, எண்ணெய் போட வேண்டும். அப்பா சாப்பிடுவதற்கு முன்னால் இந்த வேலையைத்தான் செய்வார். துடைத்து எண்ணெய் போட்டுத்தான் ஸ்டேஷனில் கொடுத்தேன். அந்தச் சுவர் மழைக்கு ஓதம் காக்கிற சுவர் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது குழலின் உள்ளே விரல் விட்டால் செம்மண் மாதிரி துரு ஒட்டியது. கட்டையில் கீறல் விழுந்திருந்தது. கெஜக்கோல் எங்கே என்று கேட்டேன். “அப்படி ஒண்ணும் எழுதலையே” என்று ரசீதைக் காட்டினார்கள். உண்மைதான். ‘துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. வாங்கும்போது நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஸ்டேஷனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மூன்று பேர் பார்க்கிற வேலையை அங்கே ஒரு ரைட்டர் பார்க்கிறார். நான் சொல்ல வந்தது வேறு. பயிர்த் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயியை அரசு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அந்தச் சணல் கயிறும் அட்டையுமே போதும். நாங்கள் சட்டப்படி உரிமம் வாங்கியவர்கள். ஆனால் எப்போதும் சந்தேகப் பட்டியலில் நிற்கிறோம்.

2019-லிருந்து கணக்குப் போடுகிறேன். அந்த வருடம் ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல், டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல், 2021-ல் சட்டமன்றம், 2024-ல் மறுபடி நாடாளுமன்றம். ஐந்தரை வருடத்துக்குள் நான்கு முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்திருக்கிறது இந்தத் துப்பாக்கி. உள்ளாட்சி வாக்குப்பதிவு நடந்த டிசம்பர் 27-ம் 30-ம் எங்கள் பக்கம் ராகிக் கதிர் அறுப்புக்கு நிற்கிற நாட்கள். யானையும் பன்றியும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, தேர்தல் அட்டவணையும் பார்ப்பதில்லை. அந்த வருடம் இரண்டு ராத்திரியில் முக்கால் ஏக்கர் போனது. தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றோம்.

பட்டாசு வெடிக்கலாமே என்பீர்கள். வெடிக்கிறோம். வனத்துறைக்காரர்களும் வெடிக்கிறார்கள். மார்கழிப் பனியில் திரி நமுத்துவிடும். சத்தமும் மிருகங்களுக்குப் பழகிவிட்டது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் பழகத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை. யானை நின்று யோசித்துவிட்டு மறுபடி மேய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பன்றிக் கூட்டத்தைக் கலைக்க இதற்கு ஈடு இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

துப்பாக்கி என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில் நானே கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் குடிமகன் கையில் சட்டப்படி என்னென்ன இருக்கலாம் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

ராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற தோட்டா வகைகள் எங்களுக்குக் கிடையாது. பாயிண்ட் 303, ஒன்பது மில்லிமீட்டர், பாயிண்ட் 38 ரிவால்வர் எல்லாம் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore), அதாவது குழல் அளவு. அதற்கு வெளியே இருப்பதுதான் பொதுமக்களுக்கு. வசதி உள்ளவர்கள் வாங்குவது பாயிண்ட் 32 ரிவால்வர். பெரும்பாலும் கான்பூரில் செய்தது. 2014-ல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்று அரை கிலோ எடையில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். எந்தப் பெண்ணுக்கென்று செய்தார்களோ, எங்கள் ஊரில் களை எடுக்கிற பெண்ணுக்கு இல்லை. ரைஃபிள் என்றால் பாயிண்ட் 315. போர்ப்படைத் தோட்டா பொதுமக்கள் கையில் போகக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயத்தில் தனி அளவில் பிறந்து, இன்றுவரை அரசுத் தொழிற்சாலையில் தயாராவது. வெளிநாட்டு இறக்குமதி 1980-களின் நடுவில் பொதுமக்களுக்கு நின்றுபோனது. அதனால்தான் பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்று எந்த ஜமீன் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறது.

அடுத்தது 12 போர். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் இரண்டும் உண்டு. பாங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்குவது இதுதான். 12 என்பது என்ன கணக்கென்று எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துகிற ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. அவ்வளவுதான். பையன்கள் குருவி சுடுகிற நாலரை மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் உரிமமே வேண்டாம். (குருவி சுடுவது தப்பு என்பது வேறு விஷயம். கடைக்காரர் அதை யாருக்கும் சொல்வதில்லை.)

இத்தனைக்கும் கடைசியில், வரிசையின் வாலில், எங்கள் மருந்துத் துப்பாக்கி. ஒருமுறை வெடித்தால் மறுபடி கெட்டிக்கக் கை பழகியவனுக்கே ஒரு நிமிஷம் ஆகும். இருட்டில் இன்னும் கூட. இதைத் தூக்கிக்கொண்டு வாக்குச்சாவடியைப் பிடிக்கப் போகிறவன் யாராவது இருந்தால் அவனைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

நான் சொல்கிற வித்தியாசத்தைச் சட்டம் எப்போதோ பார்த்துவிட்டது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். மற்ற ஆயுதங்களுக்கு, நல்ல காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஆனால் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்துத் துப்பாக்கி கேட்டாலோ, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே திருகு வரி இல்லாமல் வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கி கேட்டாலோ, உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்று இருக்கிறது. ‘வழங்கலாம்’ என்று இல்லை. மருந்துத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்கே பட்டால் தோட்டாத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்று ஒரு சலுகையும் ஒட்டியிருக்கிறது. மறுப்பதற்கான காரணங்கள் 14-வது பிரிவில் உண்டு: மனநிலை சரியில்லாதவர், பொது அமைதிக்குக் கேடு என்பது போல. அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. இந்த வரியை எழுதிய புண்ணியவான் யாரோ, காட்டோரத்தில் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவனை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நடப்பதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு 70 வயது தாண்டியதும் உரிமத்தை என் பெயருக்கு மாற்ற மனுப் போட்டேன். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு மாற்ற வழி இருக்கிறது. உரிமதாரர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ., இன்னொரு பக்கம் ஸ்டேஷன், டி.எஸ்.பி., எஸ்.பி. என்று கோப்பு நடந்தது. இரண்டே கால் வருடம். சொத்து மதிப்புச் சான்று கேட்டார்கள். சட்டத்தில் அப்படி இல்லையே என்று மெதுவாகச் சொன்னேன். “எல்லாரும் குடுக்கறாங்க, நீங்களும் குடுங்க” என்றார் ஓர் அலுவலர். கொடுத்தேன். போலீஸ் அறிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால் அதற்குக் காத்திராமல் ஆட்சியரே முடிவெடுக்கலாம் என்று சட்டத்தில் இருப்பதை அப்புறம்தான் படித்தேன். அப்படி முடிவெடுத்த ஆட்சியர் எங்கள் பக்கம் யாரும் இருந்ததாகக் கேள்விப்படவில்லை. ஆட்சியரைச் சொல்லியும் குற்றமில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். மறுத்தாலும் மேல்முறையீடு வரும். அதனால் மறுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கோப்பு தூங்குகிறது.

2016 முடிவில் மத்திய உள்துறை வைத்திருந்த கணக்குப்படி நாடு முழுக்க 33 லட்சத்து 69 ஆயிரம் ஆயுத உரிமங்கள். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். பக்கத்துக் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 22,532. இது குறைவாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மாப்பிள்ளையின் மாமனைக் கொல்கிற பழக்கம் நமக்கு வேண்டாம். 2019 திருத்தத்தில் அதற்கு இரண்டு வருடச் சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை வைத்தது சரி. ஒருவருக்கு மூன்று ஆயுதம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும் சரி. என் கேள்வி, இந்த 22 ஆயிரத்தில் பயிருக்கென்று வாங்கியவனும் பந்தாவுக்கென்று வாங்கியவனும் ஒரே வரிசையில் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான்.

தேர்தல் விஷயத்திலும் விதி அப்படிச் சொல்லவில்லை. உரிமம் உள்ள எல்லோரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்கி வைப்பது சரியல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனபிறகு, மாவட்டம்தோறும் ஆட்சியரும் எஸ்.பி.யும் கொண்ட ஸ்கிரீனிங் கமிட்டி உட்கார்ந்து உரிமங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையமே வழிமுறை கொடுத்தது. ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில், அதுவும் தேர்தல் கலவரத்தில், சிக்கியவர் என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். என்மேல் ஒரு பெட்டிக் கேஸ் கூடக் கிடையாது. என் உரிமத்தை எந்தக் கமிட்டி எப்போது பார்த்தது? போன் வந்தது, போனேன். அவ்வளவுதான் பரிசீலனை.

குடகுக்காரர்களைப் பாருங்கள். எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உரிமமே தேவையில்லை என்று விலக்கு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். நாங்கள் விலக்குக் கேட்கவில்லை. எங்கள் பாட்டன்களிடமிருந்து 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினிக்காரன் ஆயுதத்தைப் பிடுங்கினான். 1878-ல் வெள்ளைக்கார அரசு ஆயுதச் சட்டம் போட்டது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அந்தச் சட்டத்தைத் திருத்து என்று தீர்மானம் போட்டது. இதெல்லாம் பழைய கதை. அதைத் தூக்கிக்கொண்டு வர இங்கே ஆளில்லை. இருக்கிற உரிமத்தை உரிமமாக மதியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பன்றியைச் சுட அனுமதி கேட்கிறேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்த முறை எனக்குத் தெரியும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுவரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர். என் நிலம் காப்புக்காட்டிலிருந்து கூப்பிடு தூரம். கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு உரிமம் உள்ளவர்களைக் கொண்டே சுடுகிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று எங்கள் டீக்கடையில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் அரை மனதுதான்.

ஆனால் உரிமத் துப்பாக்கி வழக்கொழிந்தால் அந்த இடத்தில் என்ன வருகிறது என்று ஒருமுறை ஊருக்குள் வந்து பாருங்கள். பூட்டி வைத்துவிட்டால் பயிரைக் காக்கிற தேவையும் போய்விடுமா? மலையோர ஊர்களில் கொல்லன் பட்டறையில் செய்த கள்ளத் துப்பாக்கி வருகிறது. அதில் உரிமம் இல்லை, எண் இல்லை, தேர்தலுக்கு ஒப்படைக்கிற வேலையும் இல்லை. பிடிபட்டால் இரண்டிலிருந்து ஐந்து வருடம் சிறை. ஆனால் யார் கையில் எது இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. அவ்வப்போது காவல்துறை தண்டோரா போட்டு, தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மந்தையில் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அத்தனையும் எங்கிருந்து வந்தன?

அதைவிடக் கொடுமை அவுட்டுக்காய். தீனிக்குள் வெடி வைத்துப் பன்றிக்குப் போடுவது. பன்றி கடிக்கும், சில சமயம் யானைக்குட்டி கடிக்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு எஜமானன் வாசலுக்கே வந்தது. வாசல் சுவரை அப்புறம் சுண்ணாம்பு அடித்தார்கள். மின்வேலி இன்னொன்று. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் ஒரே இடத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. அருகில் குட்டிகள் இரண்டு நின்றுகொண்டிருந்தன. திருட்டுக் கம்பியில் மிதித்துச் செத்த மனிதர்களும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. என் துப்பாக்கி இந்த நாற்பது வருடத்தில் யாரையும் கொன்றதில்லை.

துப்பாக்கியால் எதுவுமே நடக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உரிமத்தை வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவன் எங்கள் ஊரிலும் இருந்தான். குடித்துவிட்டு அண்ணன் தம்பி பாகத் தகராறில் தூக்கியவனும் உண்டு. அவனுடைய உரிமத்தை 17-வது பிரிவில் ரத்து செய்தார்கள். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை, அவன் பெண்டாட்டி உட்பட. தனியாளைப் பார்த்து எடுக்கிற முடிவு அப்படித்தான் இருக்கும்.

கேட்பது பெரிதில்லை. அடுத்த தேர்தல் அறிவிப்பு வருமுன் அந்தக் கமிட்டி ஒரு நாள் நிஜமாகவே உட்காரட்டும். பயிர் உரிமங்களைத் தனியாகப் பிரித்து, வழக்கில்லாதவனுடையதை வீட்டிலேயே விடுங்கள். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வாக்குப்பதிவு முடிந்த மாவட்டத்தில் எண்ணிக்கைவரை அதைச் சுவரோரம் ஏன் சாய்த்து வைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். ரசீதில் குழல், கட்டை, குதிரை, கெஜக்கோல் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். ஒரு மரத் தாங்கியும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கிக் கொடுத்தால் ஸ்டேஷனுக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. வாரிசு மனுக்களுக்கு ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைக் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. மேல்முறையீட்டுக்குப் போவதற்காவது ஒரு காகிதம் கையில் இருக்கும்.

மருந்தையும் ஒரு வார்த்தை. சட்டப்படி மருந்தும் கேப்பும் விற்கிற கடை நான் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரத்தில் ஒன்றுகூட இல்லை. உரிமம் கொடுத்த அரசே, மருந்து எங்கே வாங்குவாய் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல எங்களில் பலருக்குச் சங்கடம்.

இப்போதைக்கு ஒரு பழைய சைக்கிள் பம்பின் உள்கம்பியை அடித்து நீட்டிக் கெஜக்கோலாக வைத்திருக்கிறேன். நீளம் நாலு விரல் குறைகிறது. மருந்து அடியில் சரியாக இறுகாமல் புஸ்ஸென்று போகிறது. அசல் கம்பி இரும்பில் செய்தது, நுனியில் பித்தளைக் குமிழ். தாத்தா தன் பெயரின் முதல் எழுத்தை அதில் உளியால் கொத்தி வைத்திருந்தார். உங்களில் யாருடைய மாவட்டத்திலாவது, ஏதாவது ஒரு ஸ்டேஷனில், ஜன்னல் கதவைத் தாங்கவோ ஒட்டடை அடிக்கவோ அப்படியொரு கம்பி இருந்தால் தயவுசெய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டோர விவசாயி ஒருவன்